வணிக மின்னஞ்சலும் ஸ்பேம் சட்டமும்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள், துணைப்பாட நிலையம் நடத்துவோர், வீட்டிலிருந்தே பலகாரம் விற்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். வழக்கு என்று வந்துவிட்டால் இந்தப் பக்கம் போதாது, வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. யாரும் கேட்காம விளம்பர ஈமெயில் அனுப்பினா சிங்கப்பூர்ல குற்றமா?

குற்றமில்லை. 2007 ஜூன் 15-இல் நடப்புக்கு வந்த ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தடை செய்யவில்லை. இன்னின்ன நிபந்தனைப்படி அனுப்பு என்கிறது. முதல் ஈமெயிலுக்கு முன்அனுமதி கேட்கவில்லை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்ன பிறகு நிறுத்தச் சொல்கிறது. மீறினால் சிறை கிடையாது. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குப் போடலாம்.

இதோடு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெரும்பாலோர் ஸ்பேம் சட்டத்தைப் படித்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். 4-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

2. எத்தனை அனுப்பினா "மொத்தமா அனுப்பினது"ன்னு கணக்கு? நாங்க சின்னக் கடைதான்.

ஒரே மாதிரி உள்ளடக்கம் கொண்ட செய்திகள் 24 மணி நேரத்தில் 100-ஐத் தாண்டினாலோ, 30 நாளில் 1,000-ஐத் தாண்டினாலோ, ஓராண்டில் 10,000-ஐத் தாண்டினாலோ மொத்த அனுப்பல். மூன்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டினால் போதும். கடை சிறிதா பெரிதா என்று சட்டம் பார்ப்பதில்லை.

"தினம் 90 அனுப்பிக்கிறேன், நூறைத் தாண்டாது" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. பன்னிரண்டாம் நாளே மொத்தம் 1,080 ஆகிவிடும், மாத வரம்பு போயிற்று. தினம் 33 என்றால் மாதம் 990, அது தப்பும்; ஆனால் ஆண்டுக்கு 12,045. மூன்று வரம்புக்கும் உள்ளே நிற்க வேண்டுமானால் நாளுக்கு 27-தான். இந்தச் சிரமத்துக்கு 3-ஆம் கேள்வியில் உள்ளவற்றைச் செய்துவிடுவது எளிது.

3. சப்ஜெக்ட்ல ஏ.டி.வி. போடணும்னு சொல்றாங்களே, அது எங்க, எப்படி? வேற என்னென்ன வேணும்?

பெறுபவர் கேட்காத வணிகச் செய்தியை மொத்தமாக அனுப்பினால் சப்ஜெக்ட் வரியின் தொடக்கத்தில், தலைப்புக்கு முன்னால், கூர் அடைப்புக்குறிக்குள், இது விளம்பரம் என்று காட்டும் ஏ, டி, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், பிறகு ஓர் இடைவெளி. சப்ஜெக்ட் வரியே இல்லாத வகைச் செய்தி என்றால் செய்தியின் முதல் சொல்லுக்கு முன் வர வேண்டும். கடைசியில் போடுவது, எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பது, படத்துக்குள் ஒளித்து வைப்பது எதுவும் செல்லாது.

அதோடு, தலைப்பு உள்ளே இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அனுப்புநர் விவரமும் செய்தி வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவலும் உண்மையாக இருக்க வேண்டும். உங்களைத் தொடர்புகொள்ள வேலை செய்யும் ஈமெயில் முகவரியோ தொலைபேசி எண்ணோ வேண்டும். விலகுவதற்கு ஈமெயில், இணைய முகவரி, தொலைபேசி, தொலைநகல், அஞ்சல் முகவரி இவற்றில் ஒன்றும், அதைப் பயன்படுத்தி விலகலாம் என்ற தெளிவான வாசகமும் வேண்டும். அந்த வழி, செய்தி அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 30 நாள் திறந்திருக்க வேண்டும். பெட்டி நிரம்பி விலகல் கோரிக்கைகள் திரும்பி வந்தால் அதுவும் மீறல்தான். "நோ-ரிப்ளை" முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு வேறு வழி தராதவர்கள் மாட்டுவது இங்கேதான்.

4. கஸ்டமர் அவராவே ஈமெயில் கொடுத்தார். அப்புறம் எதுக்கு ஏ.டி.வி.?

எதற்காகக் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் முகவரியைக் கொடுத்தார் அல்லது எங்கோ வெளியிட்டார் என்பதாலேயே விளம்பரம் கேட்டதாக ஆகாது என்று ஸ்பேம் சட்டம் சொல்கிறது. அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதிய முகவரி, புடவைக்கு ஃபால் தைத்து முடிந்ததும் சொல்லுங்கள் என்று கொடுத்த முகவரி, இணையத்தளத்தில் போட்டிருக்கும் முகவரி எல்லாம் இந்த வகை. "சலுகைச் செய்திகளை ஈமெயிலில் அனுப்பலாம்" என்ற வரிக்கு எதிரே அவரே டிக் அடித்திருந்தால் அது சம்மதம். அவருக்கு ஏ.டி.வி. வேண்டாம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் சொந்த ஈமெயிலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவே சம்மதம் வேண்டும். குலுக்கல் சீட்டு முகவரிக்கு ஏ.டி.வி. போட்டு அனுப்பினால் ஒரு சட்டத்தில் தப்பித்து மற்றொன்றில் மாட்டுவீர்கள். இந்த இரண்டாவது சட்டத்தில் அபராதம் பெரிது: 10 லட்சம் வெள்ளி வரை, சிங்கப்பூரில் ஆண்டு வருமானம் 1 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் அதில் 10 விழுக்காடு வரை. "நியாயமான வணிக நலன்" என்ற விதிவிலக்கை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. அலுவலகப் பெயர் அட்டையில் உள்ள ஈமெயில் போன்ற வணிகத் தொடர்புத் தகவலுக்கு அந்தச் சட்டத்தின் சம்மத விதி பொருந்தாது. ஸ்பேம் சட்டம் அதற்கும் பொருந்தும், ஆகவே அங்கே ஏ.டி.வி. கட்டாயம்.

சம்மதம் வாங்கியதற்குச் சான்று வையுங்கள்: தேதி, நேரம், எந்தப் படிவம், அப்போது அதில் இருந்த வாசகம். "டிக் அடித்தார்" என்று பின்னால் வாயால் சொன்னால் எடுபடாது.

5. ஏ.டி.வி. போட்டா நேரா ஸ்பேமுக்குப் போயிடுமே. சட்டமே நம்மள மாட்டி விடுதா?

அந்த மூன்று எழுத்தின் நோக்கமே பெறுபவர் விரும்பினால் பிரித்து ஒதுக்க முடிய வேண்டும் என்பதுதான். சப்ஜெக்டில் அது இருந்தால் வேறு ஃபோல்டருக்கு அனுப்பு என்று ஜிமெயிலிலோ அவுட்லுக்கிலோ யாரும் ஒரு ஃபில்டர் விதி போடலாம். அலுவலக ஐடி ஆள் நிறுவனம் முழுவதற்கும் போடலாம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்றைய ஃபில்டர்கள் ஒரு முத்திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவை அல்ல. அனுப்பும் டொமைன் (ஈமெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எப்படிப்பட்டது, முன்பு வந்த ஈமெயிலை மக்கள் திறந்தார்களா, படிக்காமல் அழித்தார்களா, ஸ்பேம் பொத்தானை அழுத்தினார்களா, இல்லாத முகவரிகளுக்கு எத்தனை போயின என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஏ.டி.வி. போட வேண்டிய பட்டியல் என்றாலே அதில் இருப்பவர்கள் உங்களிடம் கேட்கவில்லை என்று பொருள். கேட்காதவர்கள் பொத்தானை அழுத்துவார்கள். உங்கள் டொமைன் பெயர் கெடுவது அதனால். முத்திரையை எடுத்துவிட்டு அதே பட்டியலுக்கு அனுப்பினாலும் அதே கதிதான், சட்ட மீறல் மட்டும் கூடுதலாகச் சேரும்.

எங்கள் கருத்து: ஏ.டி.வி. தேவைப்படும் பட்டியலுக்கு ஈமெயில் அனுப்புவதையே விட்டுவிடுங்கள். கடையில் பணம் செலுத்தும் இடத்தில் ஒரு கியூஆர் குறியீடு வைத்துச் சம்மதத்தோடு சேருங்கள். 300 பேர் சேர்ந்தாலும், கேட்காத 3,000 பேரைவிட அது மேல்.

6. சட்டப்படி எல்லாம் செஞ்சாச்சு. அப்பவும் ஜிமெயில் தள்ளி விடுது. புகார் கொடுக்கலாமா?

கொடுத்துப் பயனில்லை. சட்டத்துக்கு உட்பட்ட ஈமெயில் எல்லாவற்றையும் இன்பாக்ஸில் சேர்க்க வேண்டும் என்று எந்தக் கடமையும் ஜிமெயிலுக்கு இல்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம், ஈமெயிலை ஏற்க மறுக்கும் சேவையாளரின் கொள்கையில் தலையிடவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டமும் இணையச் சேவையாளர்கள் தங்களுக்குள் நடைமுறை நெறி வகுத்துக்கொள்ள வழி விட்டிருக்கிறதே தவிர, கட்டாயம் சேர் என்று சொல்லவில்லை.

ஃபில்டர் கேட்பது சட்டம் கேட்பதைவிட அதிகம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்குப் புதிய விதி வைத்தன. ஜிமெயில் கணக்கில், தனிப்பட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 அளவுக்கு ஒருமுறை அனுப்பிவிட்டாலே அந்த டொமைன் நிரந்தரமாக மொத்த அனுப்புநர்தான். அனுப்புவது நீங்கள்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும் (விளக்கம் 7-ஆம் கேள்வியில்). விளம்பர ஈமெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. 2025 மே முதல் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே 5,000 அளவில் அந்த மூன்றையும் கேட்கிறது.

0.3 விழுக்காடு சின்ன எண்போலத் தெரியும். 2,000 பேர் இன்பாக்ஸுக்குப் போனால் ஆறு பேர் பொத்தானை அழுத்தினாலே எட்டிவிடும். கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைப் பதிந்தால் இந்த விழுக்காட்டைப் பார்க்கலாம். குறைவாக அனுப்புபவர்களுக்கு அங்கே கணக்கே காட்டாது. அதை வைத்துப் புகாரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

7. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு சொல்றீங்க. எதை எங்க போடணும்?

மூன்றும் டொமைன் பதிவு செய்த இடத்தில், டொமைன் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் போடுபவை. எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். டிகிம் ஒவ்வொரு ஈமெயிலிலும் இடப்படும் மின் கையொப்பம். டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது "அனுப்புநர்" வரியில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாததை என்ன செய்வது என்று சொல்லும்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்: எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். அலுவலக ஈமெயிலுக்கு ஒன்று, செய்திமடல் சேவைக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் சேருங்கள். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் செல்லாது. நிறுத்திவிட்ட சேவைகளை நீக்கிவிட்டால் இடம் கிடைக்கும். டிகிம் சாவி 2,048 பிட் இருக்கட்டும். டிமார்க்கை முதலில் "எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். சில வாரம் அறிக்கையைப் பார்த்து, உங்கள் எல்லாச் சேவையும் தேறிய பிறகு கடுமையாக்குங்கள். எடுத்த எடுப்பில் "நிராகரி" என்று வைத்தால் உங்கள் பில் அனுப்பும் மென்பொருளே முதலில் அடிபடும்.

இன்னொன்று: கடையின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்துச் செய்திமடல் சேவை வழியாக அனுப்பாதீர்கள். ஜிமெயில் டொமைனின் சார்பில் கையொப்பமிட அந்தச் சேவைக்கு உரிமையில்லை, டிமார்க்கில் தோற்கும். சொந்த டொமைன் வாங்குங்கள். திரும்பி வந்த ஈமெயிலில் பிழை எண் 5.7.26 என்று இருந்தால் ஜிமெயிலும், 5.7.515 என்று இருந்தால் அவுட்லுக்கும் இந்தச் சரிபார்ப்பில்தான் மறுத்திருக்கின்றன.

8. விலகறேன்னு சொன்னவரை எத்தனை நாள்ல பட்டியல்லேர்ந்து எடுக்கணும்?

சட்டம் தருவது 10 வேலை நாள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. 2025-ஐ எடுத்துக்கொள்வோம்: தீபாவளி அக்டோபர் 20, திங்கள். ஒருவர் அக்டோபர் 14, செவ்வாயன்று விலகினார். மறுநாளிலிருந்து எண்ணி, வார இறுதிகளையும் தீபாவளியையும் விட்டால் பத்தாவது வேலை நாள் அக்டோபர் 29. அதாவது தீபாவளித் தள்ளுபடி ஈமெயில் முழுவதையும் அவருக்கு அனுப்பினாலும் ஸ்பேம் சட்டத்தில் மீறல் இல்லை.

ஜிமெயில் அவ்வளவு பொறுக்காது. 2 நாளுக்குள் எடுக்கச் சொல்கிறது. விலகிய பிறகும் ஈமெயில் வந்தால் அடுத்து அவர் அழுத்துவது ஸ்பேம் பொத்தானைத்தான். எக்செல் கோப்பில் கையால் நீக்குபவர்கள் தோற்பது இதில்தான்: ஒருவர் நீக்கிய பெயரை மற்றவர் பழைய கோப்பிலிருந்து மறுபடி ஏற்றிவிடுவார். நீக்குவதற்குப் பதில், "இவர்களுக்கு அனுப்பாதே" என்ற தடைப்பட்டியலில் வையுங்கள். விலகியவரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வேறொருவருக்குக் கொடுப்பதும் கூடாது.

9. யாருமே சொல்லாம ஒரே நிமிஷத்துல அம்பது பேர் விலகிட்டதா காட்டுது. எப்படி?

பெரும்பாலும் அவை அலுவலக முகவரிகளாக இருக்கும். நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள், ஈமெயிலில் உள்ள எல்லா இணைப்பையும் ஆபத்தா என்று பார்க்கத் தானே திறந்து பார்க்கும். உங்கள் விலகல் இணைப்பு, திறந்தவுடன் விலக்கிவிடும் வகை என்றால் அவருக்கே தெரியாமல் பெயர் போய்விடும்.

உள்ளே தெரியும் இணைப்பு ஒரு பக்கத்துக்குப் போய் அங்கே "உறுதி செய்" பொத்தான் இருக்கட்டும். கடவுச்சொல் கேட்காதீர்கள். ஜிமெயில் கேட்கும் ஒரு கிளிக் வசதி வேறு: அது ஈமெயிலின் மறைவான தலைப்புப் பகுதியில் "லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்", "லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்" என்ற இரண்டு வரிகளாக இருக்கும். அதற்குப் போஸ்ட் வகைக் கோரிக்கை (வெறுமனே பக்கத்தைத் திறக்காமல் தகவலை அனுப்பும் வகை) வந்தால்தான் விலக்கும். வெறுமனே திறந்து பார்த்தால் எதுவும் ஆகாது. இந்தச் சிக்கலுக்காகவே அப்படி வகுத்தார்கள்.

10. நாங்க முழுக்கத் தமிழ்ல அனுப்பறோம். தனியா ஏதாவது கவனிக்கணுமா?

இரண்டு விஷயம். ஒன்று, கேட்காத மொத்த ஈமெயிலில் விலகல் வாசகம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தை விட முடியாது.

இரண்டாவது, நீளம். ஜிமெயில் ஏறக்குறைய 102 கேபிக்கு மேல் உள்ள ஈமெயிலை வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் வைத்துவிடும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் "க" 3 பைட், "கொ" 6 பைட், "க்ஷ" 9 பைட். அதே நீளச் செய்தி தமிழில் வெகு சீக்கிரம் வரம்பைத் தொடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகல் வரி இருப்பதும் அங்கேதான். ஆகவே மேலேயும் ஒரு விலகல் வரி வையுங்கள். வேர்டிலிருந்து ஒட்டினால் கூடவே வரும் தேவையற்ற எச்டிஎம்எல் குப்பையையும் துடைத்துவிடுங்கள்.

எழுத்துச் சிக்கலுக்குப் பயந்து முழுச் சுவரொட்டியையும் ஒரே படமாக அனுப்புபவர்களும் உண்டு. படம் தடுக்கப்பட்ட இன்பாக்ஸில் வெள்ளைத் தாள்தான் தெரியும். ஃபில்டருக்கும் படிக்க எழுத்து இருக்காது.

11. 50,000 சிங்கப்பூர் ஈமெயில் முகவரி விற்கறாங்க, விலையும் குறைவு. வாங்கலாமா?

வேண்டாம். இணையத்தைத் துழாவி முகவரி சேகரிக்கும் மென்பொருளாலோ, பெயர்களையும் எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் முறையாலோ கிடைத்த முகவரிக்கு அனுப்பவே கூடாது. இந்தத் தடைக்கு ஏ.டி.வி. உதவாது. செய்தி வணிகமாக இல்லாவிட்டாலும் தடை உண்டு, ஆகவே சங்க விழா அழைப்பும் தப்பாது.

அப்படிப்பட்ட பட்டியலில் பொறி முகவரிகளும் இருக்கும். மனிதர் யாரும் பயன்படுத்தாத, ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைத்திருக்கும் முகவரிகள் அவை. அவற்றுக்கு அனுப்பினால் ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் பெயர் ஏறலாம். பிறகு உங்கள் விலைப்பட்டியலும் ரசீதும்கூடப் போய்ச் சேராது.

12. நாங்க அனுப்பல, ஏஜென்சிதான் அனுப்பினாங்க. மாட்டறது யார்?

இருவரும் மாட்டலாம். அனுப்பியவர் மட்டுமல்ல, அனுப்பச் செய்தவரும் அனுப்ப அனுமதித்தவரும் சட்டத்தின் கண்ணில் அனுப்புநரே. வெறும் வழியாக இருந்த தொலைத்தொடர்புச் சேவையாளர் மட்டும் விலக்கு.

நீதிமன்றம் தடையாணை தரலாம், நேர்ந்த இழப்புக்கு ஈடு கொடுக்கச் சொல்லலாம், அல்லது ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை, மொத்தம் 10 லட்சம் வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். 40,000 ஈமெயிலில் உச்சவரம்பு எட்டிவிடும். ஒப்பந்தத்தில் பட்டியல் எங்கிருந்து வந்தது, விலகல் கோரிக்கை யாரிடம் எத்தனை நாளில் வரும் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

13. அப்போ வாட்ஸ்அப்ல அனுப்பினா இந்தத் தொல்லை இல்லையே?

கூடுதல் தொல்லை. 2021 பிப்ரவரி 1 முதல் ஸ்பேம் சட்டம் உடனடிச் செய்திக் கணக்குகளுக்கும் பொருந்தும். போதாததற்கு, சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணை வைத்து அனுப்புவதால், விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் "அழைக்க வேண்டாம்" பதிவேடும் குறுக்கே வரும். தெளிவான சம்மதம் இல்லையென்றால் எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே விளம்பரம் அனுப்பலாம். ஈமெயிலுக்கு அந்தப் பதிவேடு கிடையாது.

14. ரசீதோட அடியில சின்னதா ஒரு தள்ளுபடி விளம்பரம் போட்டா?

செய்தியின் முதன்மை நோக்கம் எது என்று பார்க்கப்படும். ரசீது, டெலிவரி தகவல், வகுப்பு நேர மாற்றம் ஆகியவை வணிக விளம்பரம் இல்லை. அடியில் இரண்டு வரி இருந்தால் குணம் மாறாது. மேலே பெரிய பேனர், கீழே தேடினால் கிடைக்கும் ரசீது என்றால் மாறிவிடும். ரசீதையும் விளம்பரத்தையும் வெவ்வேறு துணை டொமைனிலிருந்து அனுப்புவது நல்லது. விளம்பரத்தின் பெயர் கெட்டாலும் ரசீது தப்பிக்க வாய்ப்பு உண்டு.

15. சென்னை, ஜொகூர், பெர்த்ல எல்லாம் கஸ்டமர் இருக்காங்க. எந்தச் சட்டம்?

இங்கிருந்து அனுப்பினாலே சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தும்; வெளியே இருந்து வந்து இங்கே திறக்கப்பட்டாலும் பொருந்தும். அதோடு பெறுபவர் நாட்டுச் சட்டமும் சேரும். ஆஸ்திரேலியா முதலிலேயே சம்மதம் கேட்கிறது. விலகலுக்கு 5 வேலை நாள்தான். கனடாவும் சம்மதம் கேட்கிறது. பொருள் வாங்கியவருக்கு 2 ஆண்டு வரை மறைமுகச் சம்மதம் உண்டு. அமெரிக்கா சம்மதம் கேட்பதில்லை, ஆனால் உங்கள் அஞ்சல் முகவரி ஈமெயிலில் இருக்க வேண்டும். மலேசியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நேரடி விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. இந்தியாவில் ஈமெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். நாடு வாரியாகப் பட்டியலைப் பிரித்து மண்டை காய்வதைவிட, சம்மதம், அஞ்சல் முகவரி, 2 நாளில் விலகல் என்று எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

16. நான் கடைக்காரர் இல்ல, எனக்கு ஸ்பேம் வருது. ஒரு ஈமெயிலுக்கு 25 வெள்ளி வாங்கலாமா?

12-இல் சொன்ன தொகை, மீறலால் இழப்போ பாதிப்போ அடைந்தவர் வழக்குப் போட்டு வென்றால் நீதிமன்றம் விதிக்கக்கூடியது. எரிச்சலுக்கு விலை இல்லை. உள்ளூர்க் கடை என்றால் முதலில் விலகுங்கள், தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 10 வேலை நாளுக்குப் பிறகும் வந்தால் அந்தக் கடைக்கே எழுதுங்கள். சம்மதமின்றி உங்கள் முகவரியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

வங்கி பெயரிலோ பொட்டல டெலிவரி பெயரிலோ வரும் மோசடி ஈமெயிலில் விலகல் இணைப்பை அழுத்தவே அழுத்தாதீர்கள். முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அது அவர்களுக்குச் சொல்லிவிடும். ஸ்பேம் பொத்தானை அழுத்துங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணில் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் முதலில் வங்கி, அடுத்துக் காவல்துறை.